போன் அடிக்கவில்லை, மெசேஜ் தெரியவில்லை: எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

"ராத்திரியே அனுப்பிட்டேனே, பார்க்கலையா?" என்று யாராவது கேட்கும்போதுதான் பலருக்கும் தங்கள் போனில் நோட்டிஃபிகேஷன் வருவதில்லை என்பதே தெரியவருகிறது. ஆப்பைத் திறந்ததும் மெசேஜ் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். இல்லையென்றால் மிஸ்டு கால் லிஸ்டில் அம்மாவின் பெயர் மூன்று முறை நிற்கும், போன் பக்கத்திலேயே இருந்தும் ஒரு சத்தம் கேட்டிருக்காது. உடனே எல்லாரும் ரீஸ்டார்ட் செய்கிறார்கள், சரி, அதில் தப்பில்லை, நீங்களும் செய்துவிடுங்கள். ஆனால் அதற்கும் அசையவில்லை என்றதும் சிலர் நேராக ஃபேக்டரி ரீசெட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். போட்டோ, சாட் எல்லாவற்றையும் பணயம் வைத்து ரீசெட் செய்து முடித்தால், போன் கம்பெனி கொடுத்த அதே பேட்டரி செட்டிங் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். பிரச்சினையே பெரும்பாலும் அந்த செட்டிங்தான்.

கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள். நோட்டிஃபிகேஷன் போனுக்கு வந்து, உங்களுக்குத் தெரியாமல் போனதா? அல்லது போனுக்கே வரவில்லையா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வந்து மறைந்துபோகிறது என்றால் சத்தம், டோன்ட் டிஸ்டர்ப் (போனை அமைதியாக்கிவைக்கும் வசதி), சேனல் (ஆப்புக்குள் இருக்கும் நோட்டிஃபிகேஷன் வகை) பக்கம் பார்க்க வேண்டும். வரவே இல்லை என்றால் பேட்டரி, இன்டர்நெட் பக்கம். இது தெரியாமல் இறங்கினால் ஒரு மணி நேரம் செட்டிங்ஸில் அலைந்துவிட்டு, எதை மாற்றினோம் என்பதும் மறந்துபோயிருக்கும்.

கண்டுபிடிக்க ஆண்ட்ராய்டிலேயே வசதி இருக்கிறது, 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி. சாம்சங்கில் நோட்டிஃபிகேஷன்ஸுக்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்று ஒரு படி தள்ளி இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். ஆன் செய்த பிறகு வருவதை மட்டும்தான் அது குறித்துவைக்கும், கடந்த 24 மணி நேரத்துக்கானதைக் காட்டும், அதனால் இன்றைக்கே ஆன் செய்துவிட்டு நாளைக்குப் பாருங்கள். தவறவிட்ட மெசேஜ் அதில் சரியான நேரத்தோடு இருக்கிறதா? அப்படியானால் வந்திருக்கிறது, போன் உங்களிடம் சொல்லவில்லை. அதில் இல்லவே இல்லை, அல்லது ஆப்பைத் திறந்த நிமிடத்தில்தான் பதிவாகியிருக்கிறது என்றால் அது இரண்டாவது வகை.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே நான் சொல்லும் மெனு பெயர்கள் உங்கள் போனில் கொஞ்சம் மாறியிருக்கலாம், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கம்பெனிகள் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் வந்துவிடும். போனைத் தமிழில் வைத்திருப்பவர்கள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்பதற்கு 'அறிவிப்புகள்' என்றும், டோன்ட் டிஸ்டர்புக்கு 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்றும் தேடுங்கள்.

வந்திருக்கிறது, ஆனால் சத்தமில்லை

முதலில் டோன்ட் டிஸ்டர்ப். "நான் அதை ஆன் பண்ணவே இல்லையே" என்பார்கள். பண்ணியிருக்க வேண்டியதில்லை. அது தானாகவே ஆன் ஆக நிறைய வழி இருக்கிறது. தூங்கும் நேரத்துக்கு ஒரு ஷெட்யூல், டிஜிட்டல் வெல்பீயிங்கில் இருக்கும் பெட்டைம் மோட், வண்டி ஓட்டும்போது ஆன் ஆகும் டிரைவிங் மோட், சாம்சங்கில் மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ், பிக்சலில் போனைக் கவிழ்த்து வைத்தாலே அமைதியாகும் வசதி. புதுப் போன் வாங்கிய அன்று செட்டப் செய்யும்போது எதற்கோ ஓகே கொடுத்திருப்போம். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், அதாவது ராத்திரி பத்து மணிக்கு மேல், அல்லது ஆபீஸ் போகும் வழியில் மட்டும் கால் தவறுகிறது என்றால் வேறெங்கும் தேடாதீர்கள், ஷெட்யூல்தான்.

டோன்ட் டிஸ்டர்ப் உங்களுக்குத் தேவை என்றால் அணைக்க வேண்டியதில்லை, விதிவிலக்கு கொடுங்கள். வீட்டாரின் நம்பர்களை ஸ்டார் போட்டு ஃபேவரிட்ஸில் சேர்த்து, ஸ்டார் போட்டவர்களின் கால் மட்டும் வரலாம் என்று வைக்கலாம். ரிப்பீட் காலர்ஸ் என்று ஒன்று இருக்கும், ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் போன் அடிக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது ஆனில் இருப்பது நல்லது. அவசரம் என்றால் திரும்பத் திரும்பக் கூப்பிடச் சொல்லி அவர்களிடம் சொல்லியும் வையுங்கள், அவர்கள் பாட்டுக்கு ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு "வேலையா இருப்பான்" என்று வைத்துவிடுவார்கள்.

அடுத்தது சேனல். இது பலருக்குத் தெரியாது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இலிருந்து ஒரு ஆப்புக்கு ஒரே நோட்டிஃபிகேஷன் சுவிட்ச் கிடையாது. ஆப்புக்குள் வகை வகையாகச் சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சத்தம், தனி சுவிட்ச். வாட்ஸ்அப்பை எடுத்துக்கொண்டால் தனி மெசேஜ் ஒரு சேனல், குரூப் ஒரு சேனல், கால் ஒரு சேனல். மேலே பெரிய சுவிட்ச் ஆனில்தான் இருக்கும், கீழே ஒரு சேனல் மட்டும் சைலன்டில் கிடக்கும். வந்து விழுந்த நோட்டிஃபிகேஷனை ஓரமாக இழுக்கும்போது கை தவறி அழுத்திப் பிடித்து, வரும் பெட்டியில் சைலன்ட் என்பதைத் தொட்டிருந்தால் போதும், அன்றோடு அந்த வகை முழுக்க வாயடைத்துப் போகும். திறந்து பார்க்க எளிய வழி, அதே ஆப்பிலிருந்து வந்த ஒரு நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்து, செட்டிங்ஸ் சக்கரத்தைத் தொடுவது. எது சைலன்டில் இருக்கிறதோ அதை டீஃபால்ட் அல்லது அலர்ட் என்று மாற்றுங்கள்.

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாம்சங்கின் சொந்த மென்பொருளான ஒன் யூஐயின் 6.1 பதிப்பிலிருந்து இந்தச் சேனல் லிஸ்டையே மறைத்துவிட்டார்கள். ஆப்புக்குள் போனால் ஒன்றும் இருக்காது. நோட்டிஃபிகேஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் 'மேனேஜ் நோட்டிஃபிகேஷன் கேட்டகரீஸ் ஃபார் ஈச் ஆப்' என்பதை ஆன் செய்தால்தான் பழையபடி தெரியும். எதற்காக மறைத்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை, இருப்பதிலேயே உபயோகமான இடம் அதுதான்.

புதிதாகப் போட்ட ஆப் ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால் பெர்மிஷனைப் பாருங்கள். 2022-இன் ஆண்ட்ராய்டு 13-இலிருந்து நோட்டிஃபிகேஷன் அனுப்பவே ஆப் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். வரும் பெட்டியையெல்லாம் 'டோன்ட் அலவ்' தட்டிப் பழகியவர்கள் அதையும் அப்படியே தட்டியிருப்பார்கள், இரண்டு தடவை மறுத்துவிட்டால் அந்தப் பெட்டி திரும்ப வராது. ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ, நோட்டிஃபிகேஷன்ஸ் போய் நீங்களேதான் ஆன் செய்ய வேண்டும்.

வால்யூமையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பக்கவாட்டு பட்டனை அழுத்தினால் முதலில் ஏறி இறங்குவது பல போன்களில் மீடியா சத்தம்தான். வரும் பாரின் ஓரத்தில் உள்ள சின்ன மெனுவைத் தொட்டால் ரிங்டோன், நோட்டிஃபிகேஷன், அலாரம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ரிங்டோன் முழுக்க இருந்து நோட்டிஃபிகேஷன் மட்டும் பூஜ்யத்தில் கிடப்பது சகஜம்.

ஆப்புக்குள்ளேயே மியூட் ஆகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆர்கைவ் செய்த சாட் அப்படியே ஆர்கைவில் இருக்கும்படி செட்டிங் இருந்தால், அங்கிருந்து நோட்டிஃபிகேஷன் வராது, உங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலோ உங்கள் மெசேஜுக்குப் பதில் போட்டாலோதான் வரும். குடும்பக் குரூப்பின் குட்மார்னிங் படத்துக்குப் பயந்து ஆர்கைவ் செய்தவர்கள், அதே குரூப்பில் போட்ட கல்யாணத் தேதி மாற்றத்தைத் தவறவிட்டுவிட்டு போனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. எல்லாம் குழம்பிக் கிடந்தால் வாட்ஸ்அப் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், அங்கே இருக்கும் ரீசெட் நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸைத் தட்டுங்கள். சாட் எதுவும் அழியாது.

ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறீர்களா? வாட்ச் இணைந்திருக்கும்போது போன் அமைதியாக இருக்கட்டும் என்ற செட்டிங் சில வாட்ச் ஆப்களில் உண்டு. வாட்சைக் கழற்றி வீட்டுக்குள்ளேயே சார்ஜில் போட்டிருந்தாலும் ப்ளூடூத் இணைப்பு அறுந்திருக்காது, நோட்டிஃபிகேஷன் ஆளில்லாத வாட்சுக்குப் போய்க்கொண்டிருக்கும். இயர்பட்ஸும் அப்படித்தான், டப்பா சரியாக மூடாமல் பையில் கிடந்தால் சத்தம் பைக்குள் போகும். ஒரு நாள் ப்ளூடூத்தை அணைத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆப்பைத் திறந்தால்தான் வருகிறது

இதுதான் நம் ஊரில் அதிகம். குறைந்த, நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் சரிசெய்வது சுலபம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் போனில் இருக்கும் ஐம்பது ஆப்பும் "எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று தத்தம் சர்வரை நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி மதியத்துக்குள் காலியாகிவிடும். அதனால் கூகுள் ஒரு பொது ஏற்பாடு வைத்திருக்கிறது, பெயர் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங். தெருவுக்கு ஒரே தபால்காரர் போல, எல்லா ஆப்பின் கடிதத்தையும் ஒரே இணைப்பில் கொண்டுவருவது அதுதான். போனில் அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது கூகுள் பிளே சர்வீசஸ். மெசேஜ் வந்ததும் அது சம்பந்தப்பட்ட ஆப்பைத் தட்டி எழுப்பும், ஆப் எழுந்து நோட்டிஃபிகேஷனைக் காட்டும். போன் ஆஃபாக இருந்தால்கூட அதிகபட்சம் 4 வாரம் வரை சர்வர் வைத்திருந்து கொடுக்கும்.

ஆக இடையில் மூன்று இடத்தில் அறுந்துபோகலாம். இணைப்பு இல்லை, அல்லது எழுப்ப அனுமதி இல்லை, அல்லது எழுப்பியும் போனின் பேட்டரி மேனேஜர் அதைத் திரும்பத் தூங்கவைத்துவிடுகிறது. மூன்றாவதுதான் பெரிய வில்லன்.

2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் டோஸ் என்று ஒன்று வந்தது. சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் போன் கிடந்தால் ஆப்களின் பின்னணி வேலையையெல்லாம் நிறுத்திவைத்து, இடையிடையே கொஞ்ச நேரம் மட்டும் விழிக்கும். இதில் மெசேஜ் அனுப்பும் ஆப் 'இது அவசரம்' என்று குறித்து அனுப்பினால் உடனே வரும், சாதாரணம் என்று அனுப்பினால் போன் விழிக்கும்போதுதான் வரும். வாட்ஸ்அப் உடனே வந்து, ஷாப்பிங் ஆப்பின் ஆஃபர் மட்டும் தாமதமாக வந்தால் அது கோளாறே இல்லை, விட்டுவிடுங்கள். பிறகு 2018-இல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது, நீங்கள் எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்பதை வைத்து ஆப்களைத் தரம் பிரிக்க ஆரம்பித்தது. எப்போதாவது திறக்கும் ஆப்புக்குப் பின்னணியில் கிடைக்கும் நேரம் குறைவு. மாதத்துக்கு ஒரு தடவை திறக்கும் மின்கட்டண ஆப், பள்ளிக்கூட ஆப் எல்லாம் இந்தக் கடைசித் தரத்தில் போய் விழும்.

இவை கூகுள் வைத்த விதிகள், ஓரளவு நியாயமானவை. இதற்கு மேல் போன் கம்பெனிகள், "எங்கள் போனில் பேட்டரி இரண்டு நாள் நிற்கும்" என்று சொல்லிக்கொள்வதற்காகத் தங்கள் பங்குக்கு ஒரு பூட்டு போடுகின்றன. அதைத்தான் நீங்கள் திறக்க வேண்டும்.

எந்த ஆண்ட்ராய்டாக இருந்தாலும் முதலில் இது: ஆப் இன்ஃபோ, பேட்டரி, அங்கே அன்ரெஸ்ட்ரிக்டெட். இதை எல்லா ஆப்புக்கும் செய்யாதீர்கள், அப்புறம் பேட்டரி நிற்கவில்லை என்று வேறு கட்டுரை தேட வேண்டிவரும். வாட்ஸ்அப், வங்கி ஆப், ஆபீஸ் மெயில், வீட்டுக் கேமரா, சுகர் பார்க்கும் கருவியின் ஆப், இப்படித் தவறவே கூடாத நாலைந்துக்கு மட்டும்.

சாம்சங்கில் செட்டிங்ஸ், பேட்டரி, பேக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் போங்கள். ஸ்லீப்பிங் ஆப்ஸ், டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ், நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ் என்று மூன்று லிஸ்ட் இருக்கும். டீப் ஸ்லீப்பிங்கில் விழுந்த ஆப் நீங்கள் திறக்கும்வரை எழவே எழாது. அங்கிருந்து தூக்கி நெவர் ஸ்லீப்பிங்கில் போடுங்கள். மேலே இருக்கும் 'புட் அன்யூஸ்டு ஆப்ஸ் டு ஸ்லீப்' சுவிட்ச் ஆனில் இருந்தால் கொஞ்ச நாள் தொடாத ஆப்பையெல்லாம் அது தானாகவே தூங்கவைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரெட்மி, போக்கோ, ஷாவ்மி வகையில் இரண்டு வேலை. ஆப்பின் பக்கத்தில் ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்வது, பேட்டரி சேவர் என்ற இடத்தில் நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று வைப்பது. ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டால் பலன் பாதிதான். ரீசன்ட் ஆப்ஸ் திரையில் ஆப்பை அழுத்திப் பிடித்தால் ஒரு பூட்டுச் சின்னம் வரும், அதைப் போட்டுவைத்தால் கிளியர் ஆல் தட்டும்போது அந்த ஆப் அடிபடாது.

ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். ஆப்பின் பேட்டரி யூசேஜ் பக்கத்தில் 'அலவ் பேக்கிரவுண்ட் ஆக்டிவிட்டி', 'அலவ் ஆட்டோ லாஞ்ச்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். ராத்திரி மட்டும் வராமல் காலையில் மொத்தமாக வருகிறது என்றால், பேட்டரி செட்டிங்ஸில் ஸ்லீப் ஸ்டாண்ட்பை ஆப்டிமைசேஷன் என்று இருப்பதை அணையுங்கள், நீங்கள் தூங்கும் நேரத்தைக் கணித்து அதுவும் தூங்கும். விவோ, ஐக்யூவில் பேட்டரிக்குள் பேக்கிரவுண்ட் பவர் கன்சம்ப்ஷன் மேனேஜ்மென்ட் என்று நீளமாக ஒரு பெயர், அதற்குள் ஆப்பைத் தேர்ந்தெடுத்து அதிகப் பின்னணிப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுக்க வேண்டும், ஆட்டோஸ்டார்ட் வேறு தனியாக.

சரி, இதெல்லாம் செய்தும் வரவில்லையா? உங்கள் பழக்கத்தைப் பாருங்கள். ஆப் இன்ஃபோவில் ஃபோர்ஸ் ஸ்டாப் தட்டினால், நீங்களே மறுபடி திறக்கும்வரை அந்த ஆப்புக்கு எதுவும் வராது, அது ஆண்ட்ராய்டின் விதி. 'ரேம் கிளீனர்', 'பேட்டரி பூஸ்டர்' என்று போட்டு வைத்திருக்கும் ஆப்கள் நாளெல்லாம் மற்ற ஆப்களை நிறுத்திக்கொண்டேதான் இருக்கும், அவற்றை முதல் வேலையாகத் தூக்கிப் போடுங்கள், போனுக்கு அவற்றால் ஒரு நன்மையும் இல்லை. அதேபோல, மாதக் கணக்கில் திறக்காத ஆப்பை ஆண்ட்ராய்டு 12 முதல் முழுதாக உறங்கவைத்துவிடும், கொடுத்த பெர்மிஷனையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். அபூர்வமாகத் திறந்தாலும் தகவல் வந்தே ஆக வேண்டிய ஆப் என்றால், ஆப் இன்ஃபோவின் கீழ்ப்பகுதியில் 'அன்யூஸ்டு ஆப்' பற்றிய சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

இனி இணைப்பு. வீட்டு வைஃபையில் வரவில்லை, டேட்டாவுக்கு மாறினால் வருகிறது, அல்லது ஆபீஸ் வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால் போன் மேல் தப்பில்லை. அந்தத் தபால்காரர் வரும் வழி பெரும்பாலும் 5228 என்ற போர்ட், அதாவது நெட்வொர்க்கில் ஒரு வாசல் எண் மாதிரி, சில ஆபீஸ், ஹாஸ்டல் ஃபயர்வால்கள் (நெட்வொர்க்கைக் காவல் காக்கும் ஏற்பாடு) அதை அடைத்துவைத்திருக்கும். ஐடி ஆட்களிடம் 5228 முதல் 5230 வரை திறக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தைத் தடுக்க பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருந்தாலோ, விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலோ ஒரு நாள் அணைத்துப் பாருங்கள். டேட்டா சேவர் ஆனில் இருந்தால், மொபைல் டேட்டாவில் பின்னணி ஆப்களுக்கு இணைப்பே கிடைக்காது, தேவையான ஆப்புக்கு அன்ரெஸ்ட்ரிக்டெட் டேட்டா கொடுக்க வேண்டும்.

இணைப்பு இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கவும் வழி உண்டு. போன் டயலரில் *#*#426#*#* என்று அடித்தால் கூகுள் சேவை உள்ள பல போன்களில் ஒரு பரிசோதனைத் திரை திறக்கும். அதில் கனெக்டெட் என்று இருந்தால் தபால் வரும் வழி சரியாக இருக்கிறது, கோளாறு ஆப்பிலோ பேட்டரி செட்டிங்கிலோதான். டிஸ்கனெக்டெட் என்றே நின்றால் இன்டர்நெட் பக்கம் பாருங்கள். அதில் இருக்கும் மற்ற எழுத்தையெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஜிமெயில் மட்டும் வரவில்லை என்றால் இத்தனை தூரம் போக வேண்டியதில்லை. ஜிமெயில் செட்டிங்ஸில் உங்கள் அக்கவுன்டைத் தொட்டு, சிங்க் ஜிமெயில் டிக்கில் இருக்கிறதா, நோட்டிஃபிகேஷன்ஸ் 'ஆல்' என்று இருக்கிறதா, இந்த இரண்டுதான். 'ஹை பிரயாரிட்டி ஒன்லி' என்றிருந்தால் எது முக்கியம் என்பதை ஜிமெயிலே முடிவு செய்யும். ஓடிபி வரவில்லை என்பவர்கள் மெசேஜஸ் ஆப்பில் ஸ்பேம் அண்ட் பிளாக்டு பகுதியை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

கால் கதை தனி

கால் தவறுவதில் மூன்று தினுசு இருக்கிறது, அழைத்தவருக்கு என்ன கேட்டது, உங்கள் போனில் என்ன நடந்தது என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

அவருக்கு ரிங் போயிருக்கிறது, உங்களுக்குச் சத்தமும் கேட்டது, ஆனால் திரையில் எடுக்கும் பட்டன் வரவில்லை. இது சேனல் பிரச்சினை. செட்டிங்ஸில் ஆப்ஸ் போய், நீங்கள் உபயோகிக்கும் போன் ஆப்பின் நோட்டிஃபிகேஷன்ஸைத் திறந்து, இன்கமிங் கால்ஸ் என்ற சேனல் ஆனில், சத்தத்தோடு, பாப்-அப்போடு இருக்கிறதா பாருங்கள். இரண்டு டயலர் ஆப் இருந்தால் டீஃபால்ட் எது என்பதையும் ஒரு முறை மாற்றித் திரும்ப வையுங்கள். வாட்ஸ்அப் காலில் இதே தொல்லை என்றால், ஆண்ட்ராய்டு 14 முதல் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ் என்ற பகுதியில் முழுத்திரை நோட்டிஃபிகேஷனுக்குத் தனி அனுமதி இருக்கிறது, அதில் வாட்ஸ்அப் ஆனில் இருக்க வேண்டும். ரெட்மி வகையில் அதர் பெர்மிஷன்ஸுக்குள் 'ஷோ ஆன் லாக் ஸ்கிரீன்' என்பதையும், பின்னணியில் இருக்கும்போது பாப்-அப் காட்டும் அனுமதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது, அவருக்கு ரிங் போனது, உங்களுக்கு மௌனம், மிஸ்டு கால் மட்டும் தெரிகிறது. டோன்ட் டிஸ்டர்ப் இல்லை என்று உறுதியானால் அழைத்தவரின் கான்டாக்டுக்கு மட்டும் முன்பு தனி ரிங்டோன் வைத்திருந்து, அந்தப் பாட்டு ஃபைல் இப்போது அழிந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். புதிய நம்பர்கள் மட்டும் தவறுகின்றன என்றால் ஸ்பேம் வடிகட்டி. கூகுள் போன் ஆப்பில் காலர் ஐடி அண்ட் ஸ்பேம் பகுதியில் வடிகட்டும் சுவிட்ச் ஆனில் இருந்தால் சந்தேகப்பட்ட காலை அடிக்கவே விடாது, ட்ரூகாலர் போன்ற ஆப்களிலும் இது உண்டு. வாட்ஸ்அப்பில் பிரைவசி, கால்ஸ் போனால் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' இருக்கும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள், கூரியர் எதிர்பார்ப்பவர்கள் கொஞ்ச நாளைக்கு இவற்றை அணைத்துவைப்பதே நல்லது, லோன் வேண்டுமா என்று கேட்பவரையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது, அவருக்கு "ஸ்விட்ச்டு ஆஃப்" அல்லது "நாட் ரீச்சபிள்" கேட்கிறது, உங்கள் போனில் மிஸ்டு காலே இல்லை. இது நோட்டிஃபிகேஷன் சமாச்சாரமே இல்லை, நெட்வொர்க். ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, அதனால் வோல்ட்டே (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) அணைந்திருந்தால் சாதாரணக் கால் வர வழியே இல்லை, சிம் செட்டிங்ஸில் அது ஆனில் இருக்கட்டும். வீட்டு வைஃபை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் வைஃபை காலிங்கை அணைத்துப் பாருங்கள், பலவீனமான வைஃபை வழியாகவே காலைக் கொண்டுவர முயன்று சில போன்கள் கோட்டைவிடும். இரண்டு சிம் போட்டிருந்தால், பெரும்பாலான போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சிம் தொடர்பிலேயே இருக்காது. அது கோளாறில்லை, போனின் அமைப்பே அப்படி.

இங்கே ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். கால் எதுவுமே வரவில்லை, அழைத்தவர்களுக்கு ரிங் போகிறது அல்லது யாரோ முகம் தெரியாதவர் எடுக்கிறார் என்றால் கால் ஃபார்வர்டிங் ஆகியிருக்கலாம். "உங்கள் சிம் பிளாக் ஆகப்போகிறது, இந்த நம்பரை டயல் பண்ணுங்கள்" என்று பேசி *401* என்று தொடங்கும் எண்ணை அடிக்கவைத்து, உங்கள் கால்களை, அதோடு குரல் வழி வரும் ஓடிபியையும் தங்கள் நம்பருக்குத் திருப்பிக்கொள்ளும் மோசடி நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் இப்படி டயல் செய்து ஃபார்வர்டிங் போடும் வசதியை நிறுத்தும்படி இந்தியத் தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் போன் ஆப்பின் செட்டிங்ஸில் கால்ஸ், கால் ஃபார்வர்டிங் திறந்து 'ஆல்வேஸ் ஃபார்வர்டு' அணைந்திருக்கிறதா, மற்றவற்றில் தெரியாத நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே நீக்கிவிட்டு, வாட்ஸ்அப்பின் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் வங்கிக் கணக்கையும் அன்றே சரிபார்த்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஐபோன்காரர்களுக்கு

உங்களுக்கு வேலை குறைவு, ஏனென்றால் நோட்டிஃபிகேஷன் வர ஆப்பிள் கொடுக்கும் புஷ் வழியை இடையில் யாரும் பூட்டுவதில்லை. ஃபோகஸ் (ஐபோனில் டோன்ட் டிஸ்டர்ப் இருக்கும் இடம்) ஆனில் இருக்கிறதா பாருங்கள், ஐபேடில் போட்ட ஃபோகஸ் போனுக்கும் வரும். நோட்டிஃபிகேஷன்ஸில் ஷெட்யூல்டு சம்மரி ஆனில் இருந்தால் தேர்ந்தெடுத்த ஆப்கள் குறித்த நேரத்தில் மொத்தமாகத்தான் வரும். போன் செட்டிங்கில் தெரியாத அழைப்பாளர்களை மௌனமாக்கும் சுவிட்ச் உண்டு. ஃபேஸ் ஐடி உள்ள போனில் நீங்கள் திரையைப் பார்க்கும்போது ரிங் சத்தம் தானாகக் குறைவது அட்டென்ஷன் அவேர் என்ற வசதியின் வேலை. போன் பூட்டியிருந்து கையில் ஆப்பிள் வாட்ச் இருந்தால் நோட்டிஃபிகேஷன் வாட்சுக்குத்தான் போகும். பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷை ஆன் பண்ணு என்று பலர் சொல்வார்கள், மெசேஜ் நோட்டிஃபிகேஷனுக்கு அது அவசியமில்லை.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் பக்கத்திலிருப்பவரை ஒரு மெசேஜ் போடச் சொல்லி, டிங் என்று வந்ததும் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், திரை எரிந்துகொண்டிருக்கும்போது எந்தப் போனிலும் வரும். திரையை அணைத்து, மேஜை மேல் அசையாமல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, அதன் பிறகு அனுப்பச் சொல்லுங்கள். சார்ஜரில் மட்டும் வைக்காதீர்கள், சார்ஜில் இருந்தால் டோஸ் வேலை செய்யாது, பிரச்சினை இல்லாத மாதிரியே காட்டும். ஆபீஸில் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்களுக்கு நாளெல்லாம் ஒழுங்காக வந்து, வெளியே கிளம்பினால் மட்டும் நின்றுபோவது இதனால்தான்.

ஒரே ஒரு ஆப் மட்டும் கடைசிவரை அடம்பிடித்தால், பேக்கப் எடுத்துவிட்டு அதை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள், சர்வரிடம் அந்த ஆப்புக்கு இருக்கும் முகவரி புதிதாகப் பதிவாகும். எல்லா ஆப்பும் தகராறு என்றால் ரீசெட் ஆப் பிரிஃபரன்சஸ் ஒன்று இருக்கிறது, டேட்டா எதையும் அழிக்காமல் நோட்டிஃபிகேஷன், பின்னணிக் கட்டுப்பாடு, டீஃபால்ட் ஆப் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும், நீங்கள் வேண்டுமென்றே அணைத்து வைத்தவையும் திரும்ப ஆன் ஆகும். கால் மட்டும் வரவில்லை என்றால் சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் சிம்மை மாற்ற வேண்டும், அங்கே வருகிறது என்றால் போனை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள், ஆன்டெனா பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய ஆண்ட்ராய்டு அப்டேட் வந்தபின் மட்டும் அந்த நாலைந்து முக்கிய ஆப்பின் பேட்டரி பக்கத்தைத் திரும்ப ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள், அன்ரெஸ்ட்ரிக்டெட் என்று வைத்தது சில சமயம் பழையபடி மாறியிருக்கும்.